ஸ்கோர் 93, கோணம் தப்பு: ரோபோ பிக்கிங்கிற்கு எந்த மேட்சிங் முறையை எடுப்பது?

கேமரா வைத்த ரோபோ செல் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "ஸ்கோர் எவ்வளவு வந்தால் நம்பலாம்? 70 போதுமா, 85 வேண்டுமா?" அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும். விலை சொல்ல வந்த ஒருவர் 3டி கேமரா இல்லாமல் முடியாது என்கிறார், அடுத்தவர் ஏஐ போட்டால் போதும் என்கிறார், எதை எடுப்பது?

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். ஸ்கோர் என்பது, கேமரா கண்டது மாதிரியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மென்பொருள் தரும் எண். அது ஒவ்வொரு முறையிலும் ஒவ்வொன்றை அளக்கிறது. ஒன்றில் 0.9 என்பது சாதாரணம், இன்னொன்றில் 0.3 வந்தாலே முழு மதிப்பெண். ஃபானுக் ரோபோக்களின் ஐஆர்விஷன் மென்பொருள் 100-க்கு இத்தனை என்று காட்டும், ஹால்கான் என்ற மென்பொருள் 0-இலிருந்து 1 வரை காட்டும். அந்த வேறுபாடு மேலோட்டமானது. எண்ணுக்குப் பின்னால் நடக்கும் கணக்கே வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் த்ரெஷோல்டை (ஏற்கும் குறைந்தபட்ச ஸ்கோரை) மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால், செல் ஓடும். ஆனால் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இங்கே நான்கு முறைகளை ஒப்பிடுகிறேன்: சாம்பல்நிற ஒப்பீடு, எட்ஜ் வடிவ மேட்சிங், 3டி பரப்பு மேட்சிங், ஏஐ டிடெக்ஷன். மனதில் வைத்திருக்கும் வேலை, தொட்டியிலோ தட்டிலோ கன்வேயரிலோ கிடக்கும் உலோகப் பாகங்களை எடுத்து மெஷினிலோ, பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரிலோ வைப்பது. கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இந்த வேலைதான் அதிகம்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், ஸ்கோர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது. பிக்கிங்கில் நமக்குத் தெரிய வேண்டியவை நான்கு: அங்கே பாகம் இருக்கிறதா, அது சரியான பாகம்தானா, இடமும் கோணமும் எவ்வளவு துல்லியம், கிரிப்பர் (ரோபோவின் பிடிக்கும் கை) போய் எடுக்க முடியுமா. எந்த ஸ்கோரும் இந்த நான்குக்கும் பதில் சொல்லாது. பெரும்பாலானவை முதல் ஒன்றரைக் கேள்வியோடு நின்றுவிடும்.

இரண்டாவது, சரியான மேட்ச்சுக்கும் தப்பான மேட்ச்சுக்கும் உள்ள இடைவெளி. இதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சரியானது 95, தப்பானது 92 என்று காட்டும் முறையைவிட, சரியானது 60, தப்பானது 25 என்று காட்டும் முறை பல மடங்கு நல்லது. டெமோவில் 98 காட்டுவதைப் பார்த்து மயங்காமல், "தப்பான இடத்தில் அதிகபட்சம் எவ்வளவு வருகிறது?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, தவறின் விலை. இரண்டு விதத் தவறுகள் உண்டு. பாகம் இருந்தும் விட்டுவிடுவது ஒன்று, இல்லாததையோ தப்பான கோணத்தையோ எடுக்கப் போவது இன்னொன்று. விட்டுவிட்டால் இன்னொரு படம் எடுக்க 2 விநாடி போகும் என்று வைத்துக்கொள்வோம். தப்பாக எடுத்து ஃபிக்ஸ்சரில் இடித்தால் 20 நிமிடம் லைன் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 1,200 விநாடி. அதாவது ஒரு தப்பான பிக், 600 தடவை மறுபடி படம் எடுப்பதற்குச் சமம். இந்தக் கணக்கை உங்கள் செல்லின் எண்களை வைத்து ஒரு தாளில் போட்டுவிட்டு அப்புறம் முறையைத் தேர்ந்தெடுங்கள். பாகத்தை வெறும் சரிவில் போடுகிற வேலையென்றால் விகிதம் தலைகீழாக மாறிவிடும், தப்பு நடந்தாலும் பெரிய நஷ்டம் இருக்காது.

நான்காவது, மாறும் சூழல். ஷெட் கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்ட பாலிகார்பனேட் ஷீட் வழியாக மதியம் வரும் வெயில், இரவு ஷிஃப்ட், பாகத்தின் மேல் எண்ணெய், வேறு சப்ளையரின் காஸ்டிங். ஐந்தாவது, மறைந்திருக்கும் செலவு: புதுப் பாகம் வந்தால் யார், எவ்வளவு நேரத்தில் மாடல் போடுவார்கள் என்பது இதில் பெரியது.

## சாம்பல்நிற ஒப்பீடு

பழைய முறை, எளிய முறை. மாதிரிப் படத்தை எடுத்து, தேடும் படத்தின் ஒவ்வொரு இடத்திலும் வைத்து, பிக்சல் பிரகாசங்கள் எவ்வளவு ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பது. நார்மலைஸ்டு கிராஸ் கோரிலேஷன் என்பார்கள். சராசரியைக் கழித்து, ஏற்ற இறக்கத்தின் அளவால் வகுப்பதால் வெளிச்சம் ஒரே சீராகக் கூடினாலும் குறைந்தாலும் ஸ்கோர் அசையாது. எண் -1 முதல் 1 வரை வரும். ஓப்பன்சிவி என்ற மென்பொருள் நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இதில் 0.7 வந்தால் 70 சதவீதம் ஒத்துப்போகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது கோரிலேஷன், அதன் வர்க்கம்தான் மாதிரி விளக்கும் ஏற்ற இறக்கத்தின் பங்கு. 0.7-இன் வர்க்கம் 0.49, பாதிகூட இல்லை. எட்ஜ் முறையில் 70-ஐப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் 0.7 வைத்தால் கண்டதெல்லாம் உள்ளே வரும்.

வெயில் ஒரு பக்கமாக விழுந்தாலோ, உலோகத்தில் பளபளப்பு இடம் மாறினாலோ, பாகம் பாதி மறைந்தாலோ ஸ்கோர் சரிந்துவிடும். சுழற்சிக்கும் அளவு மாற்றத்துக்கும் தனித்தனி மாதிரிகள் வேண்டும். ஆகவே தொட்டியில் குவிந்த உலோகத்துக்கு இதை நினைக்கவே வேண்டாம். தட்டில் நேராக அடுக்கிய, மேலே அச்சிட்ட லேபிள் உள்ள பெட்டிகளுக்கு இது நன்றாக உழைக்கும். ஓரம் தெளிவில்லாத, துணி மாதிரி மேற்பரப்பு உள்ள பொருட்களுக்கும் எட்ஜ் முறையைவிட இதுவே பொருந்தும்.

## எட்ஜ் வடிவ மேட்சிங்

தொழிற்சாலைகளில் ஓடும் 2டி பிக்கிங்கில் பெரும்பங்கு இதுதான். காக்னெக்ஸின் பேட்மேக்ஸ், ஹால்கானின் ஷேப் மேட்சிங், ஃபானுக்கின் ஜிபிஎம் லொக்கேட்டர் எல்லாம் இந்தக் குடும்பம். மாதிரியிலிருந்து ஓரக்கோடுகளை எடுத்துக்கொண்டு, படத்தில் அதே இடத்தில் அதே திசையில் ஓரம் இருக்கிறதா என்று புள்ளி புள்ளியாகப் பார்க்கும்.

ஸ்கோரின் பொருள் ஏறக்குறைய இது: மாடலின் ஓரப் புள்ளிகளில் எவ்வளவு பங்கு படத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. பாதி மறைந்தால் ஸ்கோர் 0.5-ஐத் தாண்டாது. இது நேர்மையான எண். "என் தொட்டியில் மேலே கிடக்கும் பாகம் எத்தனை சதவீதம் மறைந்தாலும் எடுக்கலாம்?" என்று நீங்கள் முடிவு செய்தால் த்ரெஷோல்ட் தானாகவே ஓரளவு கிடைத்துவிடும். ஹால்கானில் வழக்கமாக 0.5-இல் தொடங்குவார்கள், ஃபானுக்கில் 70-இல். இரண்டும் தொடங்கும் இடங்கள்தான்.

ஆனால் இந்த நேர்மையே ஓர் இடத்தில் காலை வாரும். பார்வைக்குத் தெரியும் பங்கு என்றால், சின்னதாக இருக்கும் முக்கியமான அடையாளம் கணக்கில் காணாமல் போய்விடும். ஒரு பாகத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளி விட்டம் 60 மி.மீ. உள்ள ஒரு ஹப், நடுவே 20 மி.மீ. போர் (துளை), அதில் 6 மி.மீ. அகலம், 2.8 மி.மீ. ஆழம் உள்ள கீவே (சாவி உட்காரும் பள்ளம்). 20 மி.மீ. ஷாஃப்டுக்கு ஸ்டாண்டர்ட் கீவே அளவு இதுதான். வெளி வட்டத்தின் ஓரம் சுமார் 188.5 மி.மீ. போரின் வட்டத்தில் கீவேக்குப் போனது போக சுமார் 56.7 மி.மீ. கீவேயின் மூன்று பக்கமும் சேர்த்து 11.6 மி.மீ. மொத்தம் 257 மி.மீ. அளவுக்கு வரும்.

இப்போது மென்பொருள் கோணத்தைத் தப்பாகப் பிடித்துவிட்டது என்று வையுங்கள். என்ன இழக்கும்? மாடலின் கீவே ஓரம் 11.6 மி.மீ. படத்தில் அங்கே இருக்காது. படத்தில் கீவே உள்ள இடத்தில் மாடலின் போர் வளைவு 6.1 மி.மீ. பொருந்தாது. மொத்தம் 17.7 மி.மீ., அதாவது சுமார் 7 சதவீதம். ஸ்கோர் 93! கோணம் 90 டிகிரி தப்பாக இருக்கலாம், 137 டிகிரி தப்பாக இருக்கலாம், திரையில் 93 என்று பச்சையாகத் தெரியும். சரியான கோணத்தில் லேசாக எண்ணெய் பட்டு வெளி ஓரம் கொஞ்சம் மங்கினால் 90 வரும். சரியானது 90, தப்பானது 93. இங்கே த்ரெஷோல்டை எந்த எண்ணில் வைத்தாலும் பயனில்லை.

இதற்கு மருந்து மாடலில்தான் இருக்கிறது. வெளி வட்டத்தை வைத்து மையத்தைக் கண்டுபிடி, அப்புறம் கீவேக்கு மட்டும் தனிச் சின்ன மாடல் போட்டு அதற்குத் தனி ஸ்கோர் கேள். ஃபானுக்கில் எம்ஃபசிஸ் ஏரியா என்று முக்கியப் பகுதியைக் குறித்துவிடும் வசதி உண்டு. அந்தப் பகுதி பொருந்தாவிட்டால் மேட்ச்சே தள்ளப்படும். மற்ற மென்பொருள்களில் இரண்டு கட்டமாகச் செய்துகொள்ளலாம். கண்ணாடியில் பார்த்ததுபோல் வலது இடது மாறி வரும் ஸ்டாம்பிங் பாகங்கள், தலைகீழாக விழுந்தாலும் அதே நிழல் காட்டும் வாஷர் வகைகள், ஒரு துளை மட்டும் கூடுதலாக உள்ள வேரியன்ட்கள் எல்லாவற்றுக்கும் இதே சங்கதிதான்.

அடுத்து போலாரிட்டி. ஓரத்தின் எந்தப் பக்கம் இருட்டு, எந்தப் பக்கம் வெளிச்சம் என்பது. பளபளக்கும் காஸ்டிங்கில் இது இடத்துக்கு இடம் மாறும், அதனால் மேட்ச் கிடைக்காமல் தவிப்பவர்கள் "போலாரிட்டியைக் கண்டுகொள்ளாதே" என்ற ஆப்ஷனைத் தட்டிவிடுவார்கள். உடனே ஸ்கோர்கள் ஏறும், எல்லாருக்கும் சந்தோஷம். தப்பான மேட்ச்களின் ஸ்கோரும் கூடவே ஏறுவது கண்ணில் படாது. காரணம் எளிய கணிதம். போலாரிட்டி பார்க்கும்போது தாறுமாறான திசைகளில் உள்ள ஓரங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். ஒவ்வொரு புள்ளியிலும் கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டால், அதே தாறுமாறான ஓரங்களின் சராசரி 2-ஐ பையால் (π) வகுத்தது, அதாவது 0.64 வரை போகும். ஓரங்கள் நிறைந்த தொட்டியில் அடித்தளமே அந்தப் பக்கம் நகர்கிறது. வெறும் பின்னணியில் ஓரமே இல்லாத கன்வேயரில் இது பிரச்சினை ஆகாது. குவியலில் ஆகும். ஹால்கானில் போலாரிட்டி மொத்தமாகத் தலைகீழாவதை மட்டும் ஏற்றுக்கொள்ளும் நடுவழி ஒன்று இருக்கிறது. அது போதுமானால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதைவிட நல்லது, லைட்டை மாற்றுவது. டோம் லைட்டோ குறைந்த கோணத்தில் அடிக்கும் பார் லைட்டோ வாங்கும் செலவு, இந்த ஆப்ஷனால் வரும் தப்பான பிக்குகளைவிட மலிவு.

மூன்றாவது, உயரம். கேமரா 1,000 மி.மீ. மேலே இருக்கிறது, 2டி கேலிப்ரேஷன் (பிக்சலை ரோபோவின் மி.மீ.க்கு மாற்றும் அளவீடு) தொட்டித் தரையில் செய்தது. ஒரு பாகம் 50 மி.மீ. உயரத்தில் கிடக்கிறது. படத்தில் அது 5 சதவீதம் பெரிதாகத் தெரியும். அளவு மாற்றத்தை அனுமதித்திருந்தால் ஸ்கோர் அசையாது, 95-இலேயே நிற்கும். ஆனால் படத்தின் மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளிக் கிடந்தால் ரோபோவுக்குப் போகும் இடம் 10 மி.மீ.க்கு மேல் தப்பு. ஸ்கோர் துல்லியத்தைச் சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. படத்தில் தெரியும் அளவை வைத்து உயரத்தைக் கணிக்கும் வசதி சிலவற்றில் உண்டு, அட்டைப்பெட்டி இறக்கும் வேலைக்கு அது போதும். சின்னப் பாகத்துக்குப் போதாது: 300 பிக்சல் அகலம் தெரியும் பாகத்தில் ஒரு பிக்சல் தப்பினாலே உயரத்தில் 3 மி.மீ.க்கு மேல் தப்பும்.

சாய்வும் அப்படித்தான். 60 மி.மீ. பாகம் 10 டிகிரி சாய்ந்தால் ஒரு திசையில் 59.1 மி.மீ.யாகத் தெரியும், 20 டிகிரியில் 56.4 மி.மீ. ஒரு பிக்சல் 0.2 மி.மீ. என்றால் முதல் சாய்வில் ஓரம் ஒவ்வொரு பக்கமும் 2 பிக்சல், இரண்டாவதில் 9 பிக்சல் நகர்கிறது. ஓரம் எத்தனை பிக்சல் விலகினாலும் ஏற்பது என்ற எலாஸ்டிசிட்டி எண்ணை ஏற்றி இதைச் சமாளிக்க ஆசை வரும். ஏற்றினால் சாய்ந்த பாகத்தையும் நேரான பாகமாக எண்ணி கிரிப்பர் இறங்கும். சாய்வு 5, 6 டிகிரிக்கு மேல் வழக்கமாக வருகிறதென்றால் 2டி-யை விட்டு வெளியே வாருங்கள்.

இந்த முறை ஜெயிக்கும் இடம்: கன்வேயர், தட்டு, அடுக்கடுக்காக ஷீட் போட்டு வரும் பாகம். ஒரே உயரம், தெளிவான ஓரம். வேகமும் துல்லியமும் சேர்ந்து கிடைக்கும், புது மாடல் போட ஒரு நல்ல ஆபரேட்டருக்குக்கூடக் கற்றுக்கொடுத்துவிடலாம். மறைந்திருக்கும் செலவு முழுக்க லைட்டிங்கிலும், வெளி வெளிச்சத்தைத் தடுக்கும் மூடியிலும் இருக்கிறது.

## 3டி பரப்பு மேட்சிங்

3டி கேமரா பாயின்ட் கிளவுட் (பரப்பின் 3டி புள்ளிகளின் தொகுப்பு) கொடுக்கும். அதில் பாகத்தின் கேட் (CAD, கணினியில் வரைந்த வடிவம்) மாடலை வைத்துப் பொருத்த வேண்டும். 2010-இல் ட்ராஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட புள்ளி ஜோடி முறை இதில் பெரிய திருப்பம்: பரப்பில் இரண்டிரண்டு புள்ளிகளை எடுத்து, தூரத்தையும் பரப்பு நோக்கும் திசைகளையும் அட்டவணையாக்கி, வாக்கெடுப்பு மாதிரி நிலையைக் கண்டுபிடிப்பது. கிடைத்த நிலையை 1992 முதல் புழக்கத்தில் உள்ள ஐசிபி முறையால் (அருகிலுள்ள புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் பொருத்துவது) கூர்மையாக்குவார்கள்.

இங்கே ஸ்கோர், மாடலின் மொத்தப் பரப்பில் எவ்வளவு பங்கு படத்தில் கிடைத்தது என்று வருவது வழக்கம். இதைத் தெரியாமல் 2டி பழக்கத்தில் 0.7 வைத்தால் எதுவுமே கிடைக்காது. ஒரு கனசதுரத்தை நேர் மேலிருந்து பார்த்தால் ஆறில் ஒரு முகம்தான் தெரியும், அதிகபட்ச ஸ்கோர் 0.17. 100, 60, 20 மி.மீ. அளவுள்ள கட்டை தட்டையாகக் கிடந்தால் மொத்தப் பரப்பு 18,400 சதுர மி.மீ., தெரிவது 6,000. அதிகபட்சம் 0.33. அதே கட்டை 60 மி.மீ. விளிம்பில் நின்றால் தெரிவது 1,200 மட்டும், அதிகபட்சம் 0.065. ஒரே பாகம், கிடக்கும் விதத்தைப் பொறுத்து முழு மதிப்பெண்ணே ஐந்து மடங்கு மாறுகிறது. ஒற்றை த்ரெஷோல்ட் இங்கே நியாயமாக இருக்க முடியாது. "அந்தக் கோணத்திலிருந்து தெரிய வேண்டிய பரப்பில் எவ்வளவு தெரிகிறது" என்று கணக்கிடும் மென்பொருளாகப் பார்த்து எடுங்கள், விற்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். டிசைன் துறையிலிருந்து வரும் கேட் ஃபைலில் உள் துளைகள், நீர் ஓடும் பாதைகள் எல்லாம் இருக்கும். எந்தக் கேமராவும் பார்க்க முடியாத அந்தப் பரப்பும் மொத்தப் பரப்பில் சேர்ந்து ஸ்கோரை நீர்க்கச் செய்யும். வெளித்தோலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிட்டு மாடல் போட்டால் சரியானதும் தப்பானதும் நன்றாகப் பிரியும். காஸ்டிங்கில் கேட்டிங் தடம், ஃப்ளாஷ் போன்றவை கேட்டில் இருக்காது, அதையும் கவனியுங்கள். சொந்தமாக ஓப்பன்த்ரீடி என்ற இலவச மென்பொருள் நூலகத்தை வைத்துச் செய்கிறவர்களுக்கு: அது தரும் ஃபிட்னஸ் எண், பொருந்தும் தூரத்துக்கு நீங்கள் கொடுக்கும் எல்லையைப் பொறுத்தது. எல்லையை 1 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. ஆக்கினால் ஃபிட்னஸ் ஏறும், நிலை ஒன்றும் முன்னேறியிருக்காது. கூடவே வரும் சராசரிப் பிழை எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

தட்டையான பிளேட்டுகளில் இந்த முறை தடுமாறும். ஒரு பிளேட்டின் மேல் இன்னொரு பிளேட்டை வழுக்கிக்கொண்டு போனால் பரப்பு பொருந்திக்கொண்டேதான் இருக்கும்; ஓரத்தில் மட்டும் கொஞ்சம் குறையும். உயரம் 0.2 மி.மீ.க்குச் சரியாக இருக்கும், பக்கவாட்டில் 5 மி.மீ. தள்ளியிருக்கும், ஸ்கோர் கிட்டத்தட்ட அப்படியே. ஓரங்களையும் சேர்த்துப் பார்க்கும் வகை இதற்குக் கை கொடுக்கும், ஹால்கானில் அப்படி ஒன்று இருக்கிறது. வழுவழுப்பான உருளைகளிலும் சுழற்சி பற்றி ஸ்கோர் வாய் திறக்காது.

மறைந்திருக்கும் செலவுகள் இதில்தான் அதிகம். கேமரா விலையைச் சொல்லவே வேண்டாம். எந்திரத்தில் சீவிய பளபளப்பான முகம், எண்ணெய் படிந்த கறுப்பு முகம் இரண்டிலும் பாயின்ட் கிளவுட்டில் ஓட்டை விழும், ஓட்டை விழுந்த பரப்பு ஸ்கோரில் "மறைந்த பரப்பு" ஆகிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்த்தால் ஓட்டை குறையும், சைக்கிள் டைம் கூடும். கேமராவுக்கும் ரோபோவுக்கும் இடையிலான கேலிப்ரேஷனை அவ்வப்போது சரிபார்க்கும் ஆள் வேண்டும். அது நகர்ந்தாலும் ஸ்கோர் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் மேட்சிங் கேமராவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இத்தனையும் மீறி, தாறுமாறாகக் குவிந்த, கனமான, வடிவம் செறிந்த பாகங்களுக்கு இதைத்தான் எடுப்பேன். ஃபோர்ஜிங், பம்ப் ஹவுசிங், கனெக்டிங் ராட் போன்றவை. மேடு பள்ளம் நிறைய இருந்தால் தப்பான நிலையில் ஸ்கோர் தானாக விழுந்துவிடும்.

## ஏஐ டிடெக்ஷன்

இங்கே வரும் 0.98-க்கு வடிவத்தோடு நேரடித் தொடர்பு இல்லை. "நான் பயிற்சியில் பார்த்த இந்த வகை மாதிரி இது" என்று நெட்வொர்க் சொல்லும் நம்பிக்கை அது. 2017-இல் குவோவும் மற்றவர்களும் காட்டியபடி, நவீன நெட்வொர்க்குகள் தங்கள் நம்பிக்கையை மிகையாகவே சொல்கின்றன; 0.95 என்று சொன்ன நூறில் 95 சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பயிற்சியில் பார்க்காத பொருள் தொட்டியில் விழுந்தாலும் தைரியமாக 0.9 போடக்கூடும்.

இன்னொன்று, மறுபயிற்சி கொடுத்ததும் எண்ணின் தராசே மாறிவிடும். போன மாதம் 0.8 வைத்திருந்த த்ரெஷோல்ட் புது மாடலில் வேறு பொருள் தரும். ஒவ்வொரு மறுபயிற்சிக்கும் பிறகு த்ரெஷோல்டைப் புதிதாகப் பார்க்க வேண்டும், இதை யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை. லேபிள் போடும் வேலை, ஜிபியு, புதுப் பாகத்துக்கு மறுபடி படம் சேர்ப்பது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மாதா மாதம் வேரியன்ட் மாறும் மெஷின் ஷாப்புக்கு இது பாரம்.

ஆனால் பொருளுக்கு நிலையான வடிவமே இல்லாதபோது வேறு வழி இல்லை. பார்சல், பை, கலவையான சரக்கு. 2015-இல் சியாட்டிலில் அமேசான் பிக்கிங் சேலஞ்ச் நடத்தியது, வடிவ மாடலை மட்டும் நம்பினால் இத்தகைய சரக்கில் எவ்வளவு சிரமம் என்பதை எல்லாரும் நேரில் பார்க்கத்தான் உதவியது. அதன் பிறகு பெர்க்லியில் வந்த டெக்ஸ்நெட் 2.0 ஸ்கோரின் பொருளையே மாற்றியது: 67 லட்சம் செயற்கைப் பாயின்ட் கிளவுட்களில் பயிற்சி பெற்று, "இது என்ன பொருள்" என்பதை விட்டுவிட்டு "இந்த இடத்தில் பிடித்தால் பிடி நிற்குமா" என்று மதிப்பிட்டது. பிக்கிங்குக்கு நேராகத் தேவைப்படும் கேள்வி அதுதான். ஆனால் எடுத்த பொருளைக் குறிப்பிட்ட கோணத்தில் வைக்க வேண்டுமென்றால் அந்த ஸ்கோர் உதவாது.

உலோகப் பாகங்களில் ஏஐ-க்கு நல்ல இடம் முன்வரிசை. குவியலில் எது எந்தப் பாகம் என்று பிரித்துக் காட்டட்டும், நிலையையும் முடிவையும் வடிவ மேட்சிங் சொல்லட்டும்.

## ஒரே பார்வையில்

| முறை | ஸ்கோர் சொல்வது | சொல்லாதது | மறைந்த செலவு | பொருந்தும் வேலை |
|---|---|---|---|---|
| சாம்பல்நிற ஒப்பீடு | பிரகாச ஏற்ற இறக்கம் எவ்வளவு ஒத்துப்போகிறது | மறைப்பா, பளபளப்பா என்ற வேறுபாடு | கோணத்துக்குக் கோணம் மாதிரி | லேபிள், அச்சு, நேராக அடுக்கிய பெட்டி |
| எட்ஜ் வடிவம் | ஓரத்தில் தெரியும் பங்கு | உயரம், சாய்வு, சின்ன அடையாளம் | லைட், வெளிச்ச மூடி | கன்வேயர், தட்டு, ஷீட் அடுக்கு |
| 3டி பரப்பு | பரப்பில் தெரியும் பங்கு | பிளேட்டின் வழுக்கல், உருளையின் சுழற்சி, கேலிப்ரேஷன் நகர்வு | கேமரா, படம் எடுக்கும் நேரம், கேட் திருத்தம் | குவிந்த கனமான பாகம் |
| ஏஐ | வகை பற்றிய நம்பிக்கை | துல்லியமான நிலை | லேபிள், மறுபயிற்சி, த்ரெஷோல்டை மறுபடி பார்த்தல் | பார்சல், பை, கலவைச் சரக்கு |

## த்ரெஷோல்டை எங்கே வைப்பது?

முறையைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்றால் அடுத்தது இதுதான், இதில் யாருடைய எண்ணும் உங்களுக்கு உதவாது. உங்கள் தொட்டியின் படங்கள்தான் உதவும். நிறைந்த தொட்டி, பாதித் தொட்டி, காலை, மதியம், இரவு என்று படங்களைச் சேமியுங்கள். காலித் தொட்டியையும் கட்டாயம் சேருங்கள், பலரும் விடுவது இதைத்தான். எல்லாப் பாகமும் தீர்ந்த பிறகு தொட்டித் தரையின் வெல்ட் தடத்தையோ மூலையையோ பாகமாகக் காட்டும் மேட்ச் அப்போதுதான் தெரியவரும். பக்கத்து லைனின் வேரியன்ட் நாலைந்தைக் கலந்து போட்டும் எடுங்கள்.

த்ரெஷோல்டை மிகக் குறைத்து வைத்து, கிடைக்கும் எல்லா மேட்ச்சையும் சரி, தப்பு என்று இரண்டு குவியலாகப் பிரியுங்கள். சரியானவற்றில் மிகக் குறைந்தது எவ்வளவு, தப்பானவற்றில் மிக அதிகம் எவ்வளவு? 72, 58 என்று வந்தால் நிம்மதி, நடுவில் எங்காவது வைக்கலாம். ஃபிக்ஸ்சர் வேலையென்றால் 70-ஐ ஒட்டி, சரிவில் போடும் வேலையென்றால் 60-ஐ ஒட்டி. இரண்டு குவியலும் ஒன்றோடொன்று கலந்து வந்தால் த்ரெஷோல்டைத் தொடவே வேண்டாம்; மாடலுக்கோ லைட்டுக்கோ முறைக்கோ திரும்பிப் போக வேண்டிய அறிகுறி அது.

எதை முதலில் எடுப்பது என்பதற்கும் ஸ்கோரையே வைத்து வரிசைப்படுத்தும் வழக்கம் இருக்கிறது. குவியலில் இது சரிவராது. அடியில் கிடக்கும் பாகத்தின் ஓரம் தெளிவாக இருந்தால் அது முதலில் வந்துவிடும், அதை இழுக்கப் போனால் மேலே இருப்பது கிரிப்பரில் சிக்கும். ஸ்கோரை வாசல் காவலாக மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே வந்தவற்றில் உயரமாக இருப்பதும், கிரிப்பர் விரல் இறங்க இடம் இருப்பதும் முதலில் என்று வரிசை போடுங்கள். எடுத்த பிறகு வேக்கம் ஸ்விட்சோ கிரிப்பர் விரலின் நிலையோ பிடித்ததை உறுதி செய்யட்டும். கோணம் முக்கியமான பாகத்துக்கு, வைக்கும் முன் ஒரு நிலையான கேமராவின் மேல் ஒரு விநாடி காட்டிவிட்டுப் போகும் ஏற்பாடு செய்தால், மேலே சொன்ன 93-ஆல் வரும் விபத்து பெரும்பாலும் நின்றுவிடும். அப்போது தொட்டி மேலுள்ள த்ரெஷோல்டைத் தாராளமாகக் குறைத்து வைத்துக்கொள்ளலாம், சைக்கிள் டைமும் தப்பும்.

செல் ஓடத் தொடங்கிய பிறகு ஸ்கோரை ஒவ்வொரு பிக்குக்கும் பதிவு செய்யுங்கள். வாரக்கணக்கில் மெதுவாக இறங்கினால் லென்ஸில் தூசு அல்லது லைட் மங்குவது. ஃபவுண்டரி பக்கத்து ஷெட்டில் இது நிச்சயம் நடக்கும். திடீரென்று விழுந்தால் எக்ஸ்போஷரையோ பாகத்தையோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். இரண்டு தனிக் கூட்டமாகப் பிரிந்தால் இரண்டு சப்ளையர் அல்லது இரண்டு டை. அலாரம் தொல்லை தாங்காமல் இரவு ஷிஃப்டில் 75-ஐ 60 ஆக்குவது எல்லா இடத்திலும் நடப்பது. அதற்கு ஆபரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, அலாரம் ஏன் வருகிறது என்று பதிவைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். யார், எப்போது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாற்றினார்கள் என்று பதியும்படி செட் செய்துவிட்டு, மாற்றும் உரிமையை ஷிஃப்ட் இன்சார்ஜ் வரை மட்டும் கொடுங்கள்.

இன்னும் எதையும் வாங்கவில்லை என்றால், விற்பவரிடம் உங்கள் பாகத்தையே ஒரு தொட்டி நிறையக் கொடுத்து அனுப்புங்கள், எண்ணெயோடு, துருவோடு, தப்பான வேரியன்ட் நாலைந்து கலந்து. திரும்பி வரும் ரிப்போர்ட்டில் அதிகபட்ச ஸ்கோரைத் தேட வேண்டாம். அந்தத் தப்பான நாலைந்துக்கு எவ்வளவு வந்தது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதைக் கேட்டு வாங்கிய பிறகு ஆர்டர் போடுங்கள்.